கர்னாக்கின் சிவப்புச் சிற்றாலயம்: பகைக் கதையும் கல் சொல்லும் கதையும்

எகிப்தின் கர்னாக் கோயிலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே வழியில்தான் நடக்கிறார்கள். ஆட்டுத்தலைச் சிங்கங்களின் வரிசை, முதல் கோபுர வாசல், 134 தூண்கள் நிற்கும் பெருமண்டபம், பெண் மன்னர் ஹாட்செப்சுட்டின் கல்தூபி, புனிதக் குளம். அதோடு பேருந்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். முதல் முற்றத்திலிருந்து இடப்பக்கம் திரும்பி நடந்தால், வளாகத்தின் வடமேற்கு மூலையில் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. கூட்டமே இல்லாத இடம். அங்கேதான் சிவப்புச் சிற்றாலயம் நிற்கிறது. ஏறக்குறைய 17 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். கர்னாக்கின் அளவுக்கு அது சின்னஞ்சிறு கட்டடம். ஆனால் அந்த வளாகம் முழுவதிலும் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது அதுதான்.

எங்களை அழைத்துப்போன வழிகாட்டி வாசலிலேயே கதையை ஆரம்பித்துவிட்டார். சிற்றன்னை ஒருத்தி மகனின் சிம்மாசனத்தைப் பறித்துக்கொண்டாள். அவன் இருபது வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். அவள் கண்ணை மூடியதும் பெயரையும் உருவத்தையும் கட்டிய கோயிலையும் அடித்து நொறுக்கினான். ஹாட்செப்சுட், மூன்றாம் தூத்மோஸ் இருவரைப் பற்றியும் உலகம் முழுக்கச் சொல்லப்படும் கதை இது. 1920களில், அவள் கோயில் கட்டிய டெய்ர் எல்-பஹாரியில் அவளுடைய சிலைகள் துண்டு துண்டாகக் குழிகளிலிருந்து கிடைத்தபோது, இந்தக் கதைக்கு ஆதாரமே கிடைத்துவிட்டதாகப் பலரும் நினைத்தார்கள். கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிவப்புச் சிற்றாலயத்தின் சுவர் முன்னால் கொஞ்ச நேரம் பொறுமையாக நின்றால் அந்தக் கதை தேறாது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில், இந்தக் கட்டடம் எதற்கு? கர்னாக்கின் தெய்வம் அமூன். மூலத் திருமேனி கருவறைக்குள்ளேயே இருக்கும். சாதாரண மக்கள் அங்கே நுழைய முடியாது. திருவிழா நாளில் அமூன் ஒரு சிறிய மரப் படகில் ஏறி வெளியே வருவார். முன்னும் பின்னும் ஆட்டுத்தலை பொருத்திய, பொன் பூசிய படகு. நடுவில் திரையிட்ட சின்னப் பேழைக்குள் தெய்வம். பூசாரிகள் நீண்ட மரத்தண்டுகளில் வைத்து அந்தப் படகைத் தோளில் சுமந்து போவார்கள். நம் ஊரில் உற்சவர் தோளில் புறப்பட்டு வழியில் மண்டகப்படிகளில் இறங்கி இளைப்பாறுகிற முறையைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. விழா இல்லாத நாட்களில் அந்தப் படகு தங்கும் வீடுதான் சிவப்புச் சிற்றாலயம். முன்னறை, கருவறை என இரண்டு பகுதிகள். உள்ளே படகை இறக்கிவைக்கக் கல்மேடை. அன்றைய கர்னாக்கின் நடு மையத்தில், பழைய கோயிலின் முகப்பில் இது நின்றிருந்தது என்பதே பொதுவான கருத்து. அதற்கு ஹாட்செப்சுட் கொடுத்த பெயர், அமூனின் மனத்துக்குப் பிடித்த இடம்.

அவள் ஆண்ட காலம் தோராயமாக கி.மு. 1479 முதல் 1458 வரை. முதலாம் தூத்மோஸின் மகள், இரண்டாம் தூத்மோஸின் மனைவி. கணவன் இறந்தபோது இன்னொரு மனைவியின் மகனான மூன்றாம் தூத்மோஸ் சிறுவன். அவனுக்காக ஆட்சியைப் பார்த்துக்கொள்ள வந்தவள், ஏழாவது ஆட்சியாண்டுக்குள் தானே முழு மன்னராக முடி சூடிக்கொண்டாள். ஆனால் பையனை நீக்கவில்லை. ஆண்டுக்கணக்கு அவனுடையதாகவே தொடர்ந்தது. இரண்டு மன்னர்கள், ஒரே ஆட்சி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சிற்றாலயத்தை அவள் ஆட்சியின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கினாள். கல் தேர்விலேயே பிடிவாதம் தெரிகிறது. பக்கத்திலேயே மணற்கல் கிடைக்கும். அது மென்மையானது, செதுக்குவதும் சுலபம். அவளோ இன்றைய கெய்ரோவை ஒட்டியுள்ள ஜெபல் அஹ்மர் என்ற செம்மலையிலிருந்து குவார்ட்சைட் கொண்டுவரச் சொன்னாள். அங்கிருந்து கர்னாக் 600 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே. நைல் வடக்கு நோக்கி ஓடுவதால் கல் ஏற்றிய படகுகள் ஆற்றை எதிர்த்துத்தான் வரவேண்டும். வடக்கிலிருந்து அடிக்கும் காற்றும் பாயும் உதவும், அவ்வளவுதான். குவார்ட்சைட் என்பது மணற்கல்லின் துகள்களுக்கு இடையில் சிலிக்கா ஊறி இறுகிப் போன பாறை. செப்பு உளி அதில் பல்லைக் காட்டிவிடும். கடினமான டாலரைட் கல்லால் தட்டித் தட்டி, மணலை வைத்துத் தேய்த்துத்தான் அதில் உருவம் கொண்டுவர முடியும். அடிவரிசைக்கும் வாசல் நிலைகளுக்கும் கறுப்பு கிரானோடயோரைட் என்ற கடினக் கல். கறுப்புக்கு மேல் சிவப்பு. மாலை வெயில் பட்டால் அந்தச் சிவப்பு ஒரு படி கூடுகிறது.

இப்போது கட்டுமானத்தின் விசித்திரத்துக்கு வருகிறேன். எகிப்தியக் கோயில் சுவர்களில் வழக்கமாக முதலில் கற்களை அடுக்கிச் சுவரை எழுப்புவார்கள். பிறகு பரப்பைச் சமன் செய்து, வரைந்து, செதுக்குவார்கள். அதனால் மன்னரின் தலை ஒரு கல்லிலும் மார்பு அடுத்த கல்லிலும் கால் அதற்கும் கீழே உள்ள கல்லிலும் வரும். கல் இணைப்புகளைப் பற்றிச் சிற்பி கவலைப்படுவதில்லை. சிவப்புச் சிற்றாலயத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு கல்லிலும் ஒரு முழுக் காட்சி. கல்லின் விளிம்புக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிகிறது. ஒரு வரிசையில் உள்ள கற்கள் ஏறக்குறைய ஒரே உயரம். அடுக்குவதற்கு முன்பே பட்டறையில் வைத்துச் செதுக்கியிருப்பார்கள் என்று கருதுகிற அறிஞர்கள் உண்டு. இவ்வளவு கடினமான கல்லில் பல குழுக்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வேலை செய்ய இதைவிட நல்ல வழி இல்லை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

அந்தக் கற்களில் என்னதான் இருக்கிறது? அடிவரிசையில் எகிப்தின் மாகாணங்களும் கோயில்களும் மனித உருவம் எடுத்துக் காணிக்கையோடு வருகின்றன. அதற்கு மேலே ஒப்பெட் திருவிழா. நைல் வெள்ள காலத்தின் இரண்டாம் மாதம் அமூன் கர்னாக்கிலிருந்து தெற்கே லக்சர் கோயிலுக்குப் போகும் விழா. தூத்மோஸின் காலத்தில் அது 11 நாள் நடந்தது. போகும்போது தரை வழி, திரும்பும்போது ஆற்று வழி. தரை வழியில் ஆறு இடங்களில் படகு இறங்குகிறது. ஆறு மண்டபங்களும் முகப்பில் மன்னர் சிலைகளோடு ஒவ்வொன்றாகக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பாதை எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் வேறு கிடையாது. அப்புறம் ஆற்றைக் கடந்து மேற்குக் கரைக்குப் போகும் பள்ளத்தாக்குத் திருவிழா. ஹாட்செப்சுட் கல்தூபிகளை அமூனுக்கு அர்ப்பணிக்கும் காட்சி. காளையோடு மன்னர் ஓடும் சடங்கு ஓட்டம்.

ஒரு கல்லின் முன்னால் நான் நகராமல் நின்றேன். பெண்கள் முதுகை வில்லாக வளைத்து, கைகளைப் பின்னால் தரையில் ஊன்றி, உடலையே பாலமாக்கி ஆடுகிறார்கள். கூந்தல் அவிழ்ந்து தரையைத் தொடுகிறது. பக்கத்தில் யாழ் இசைப்பவர், கிலுகிலுப்பை ஏந்திய பெண்கள். கல் எவ்வளவு முரடு என்பதை விரல் நீட்டாமலேயே உணர முடிகிறது. துகள்கள் கண்ணுக்கே தெரிகின்றன. அந்த முரட்டுப் பரப்பில் ஒரு முதுகின் வளைவை ஒரே இழுப்பில் இழுத்ததுபோல் கொண்டுவந்திருக்கிறார் அந்தச் சிற்பி. செப்பு உளிக்கு மசியாத கல்லில் இந்தக் கோட்டைத் தேய்த்தே எடுத்திருக்கிறார் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இன்னொரு கல்லில் அமூனின் தெய்வ மனைவி என்ற பதவியில் இருந்த பெண் பூசாரி. எதிரியின் உருவம் வரைந்த விசிறியை நெருப்பில் காட்டி எரிக்கும் சடங்கு நடக்கிறது. மன்னராவதற்கு முன் ஹாட்செப்சுட் வகித்த பதவி அது.

ஆனால் மறுபடி மறுபடி வருகிற காட்சி வேறு. படகின் முன்னால் அல்லது பின்னால் இரண்டு மன்னர்கள். ஒரே உயரம், ஒரே உடை, ஒரே ஆண் உடல், ஒரே நடை. முன்னால் நிற்பது ஹாட்செப்சுட், பின்னால் நிற்பது தூத்மோஸ். யார் யார் என்று தலைக்கு மேல் உள்ள பெயரை வாசித்தால்தான் தெரியும். மாஅத்காரே என்றால் அவள். மென்கெப்பெர்ரே என்றால் அவன். வரிசையில் அவளுக்கு முதலிடம், உண்மைதான். ஆனாலும் கர்னாக்கின் மிகப் புனிதமான இடத்தில், தெய்வம் வாழும் வீட்டின் சுவரில், மகன் உறவுள்ள இளைய மன்னனைத் திரும்பத் திரும்பத் தனக்கு இணையாகச் செதுக்கவைத்திருக்கிறாள். அவனை இருட்டடிப்பு செய்ய நினைப்பவள் செய்யும் வேலையா இது?

அவள் கி.மு. 1458 வாக்கில், தூத்மோஸின் 22ஆம் ஆட்சியாண்டில் இறந்தபோது வேலை முழுதாக முடிந்திருக்கவில்லை. தூத்மோஸ் என்ன செய்தான்? கட்டடத்தை இடிக்கவில்லை. மேல் வரிசையைத் தன் பெயரில் செதுக்கி முடித்தான். சிற்றாலயத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டான். பிறகுதான், கர்னாக்கின் மையத்தைத் தன் விருப்பப்படி மாற்றியமைத்தபோது, இதைப் பிரித்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் கருங்கல்லில் தன் சொந்தப் படகு ஆலயத்தை எழுப்பினான். பிரித்த கற்கள் கோயில் எல்லைக்குள்ளேயே கிடந்தன. சில தலைமுறைக்குப் பிறகு மூன்றாம் அமென்கோதேப் தன் பெரிய கோபுர வாசலைக் கட்டியபோது, அதாவது இன்று மூன்றாம் கோபுரம் என்று எண்ணப்படுவதைக் கட்டியபோது, இந்தக் கற்களில் பெரும்பகுதி அதன் உள்ளே போய்விட்டது.

அங்கே அவை மூவாயிரத்துச் சொச்சம் வருடம் கிடந்தன. 1899 அக்டோபரில் பெருமண்டபத்தின் 11 தூண்கள் ஒரே நாளில் சாய்ந்து விழுந்தன. நிலத்தடி நீர் அடித்தளங்களை அரித்துக்கொண்டிருக்கிறது என்பதை யாரும் மறுக்க முடியாத நிலை வந்தது. அடுத்த பல பத்தாண்டுகள் பிரெஞ்சுப் பொறியாளர்களுக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும் அஸ்திவாரங்களைப் பலப்படுத்துவதே பெரிய வேலையாக இருந்தது. 1920களில் மொரிஸ் பிய்யே, அவருக்குப் பின் 1926 முதல் 1954 வரை ஆன்றி ஷெவ்ரியே மூன்றாம் கோபுரத்தின் உட்பகுதியைக் காலி செய்தார்கள். தோண்டத் தோண்டப் பழைய கோயில்களின் துண்டுகள் வெளியே வந்தன. அவற்றில் முதலாம் செனுஸ்ரெத்தின் வெள்ளைச் சிற்றாலயமும் ஒன்று. நேர்த்தியான சுண்ணாம்புக்கல், 16 தூண்கள், ஹாட்செப்சுட்டுக்கு ஏறக்குறைய 450 ஆண்டு மூத்தது. அதை ஷெவ்ரியே 1930களின் இறுதிக்குள் மறுபடி நிறுத்திவிட்டார்.

சிவப்புச் சிற்றாலயத்தை அப்படி நிறுத்த முடியவில்லை. காரணம், முன்னால் சொன்ன அதே விசித்திரம்தான். ஒவ்வொரு கல்லும் தன்னளவில் முழுமையானது. ஒரு கல்லில் பாதி முகம் இருந்தால் மீதி முகத்தைத் தேடலாம். இங்கே பாதி முகமே கிடையாது. இந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்தக் கல் என்று படம் சொல்லாது. 300க்கும் மேற்பட்ட கற்களை வரிசையாகத் தாழ்ந்த திண்டுகள் மேல் வைத்துவிட்டு, எகிப்தியல் அறிஞர் பியேர் லக்கோவும் ஷெவ்ரியேயும் வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள். அவர்களுடைய ஆய்வு 1970களின் இறுதியில் அச்சில் வந்தபோது இருவருமே உயிரோடு இல்லை.

படம் சொல்லாததைக் கல்லின் உடம்பு சொன்னது. ஒரே வரிசைக்கு ஒரே உயரம் என்பதால் உயரத்தை வைத்து வரிசையைப் பிரிக்கலாம். அடுத்தடுத்த கற்களைப் பிணைக்க எகிப்தியர் நடுவில் ஒடுங்கி இரு முனையும் விரிந்த மரக்கட்டைகளைப் பதிப்பார்கள். அந்தக் கட்டைக்கான குழியின் ஒரு பாதி ஒரு கல்லிலும் மறுபாதி அடுத்ததிலும் இருக்கும். கல்லின் பக்க முகம் எந்தச் சாய்வில் வெட்டப்பட்டிருக்கிறது என்பதும் ஒரு தடயம். எழுத்து எந்தத் திசையைப் பார்க்கிறது, படகு வெளியே போகிறதா உள்ளே வருகிறதா, ஆறு மண்டபங்களில் இது எத்தனையாவது என்பதெல்லாம் சேர்ந்து இடத்தைக் குறுக்கும். கடைசியில் எகிப்து-பிரெஞ்சு கூட்டு ஆய்வு மையம் 1997இல் கட்டத் தொடங்கி 2001க்குள் முடித்தது. கிடைக்காத கற்களின் இடத்தில் உருவம் எதையும் கற்பனை செய்து செதுக்கவில்லை. வெறும் பரப்பாக விட்டார்கள். நல்ல முடிவு. எது பழையது எது புதியது என்று கண்ணுக்குப் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது.

சுவர் எழுந்து நின்ற பிறகு பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் அறைகிறது. சில கற்களில் ஹாட்செப்சுட்டின் உருவம் கொத்தி எடுக்கப்பட்டிருக்கிறது. பின்னால் நிற்கும் தூத்மோஸ் முழுசாக இருக்க, அவள் இருந்த இடத்தில் வெறும் பொத்தல் பரப்பு. சரி, பகைதான் என்று நினைத்துக்கொண்டு பக்கத்துக் கல்லுக்குப் போனால், அங்கே அவள் ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறாள். பெயரும் அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே உள்ளதில் மறுபடி சிதைவு, கீழே மறுபடி முழுமை. ஒழுங்கே இல்லை. நிற்கிற சுவரின் முன்னால் உளியோடு வந்தவன் இப்படிச் செய்வானா? கைக்கு எட்டும் உயரத்தில் உள்ள கல்லை விட்டுவிட்டு, பக்கத்துக் கல்லை மட்டும் அழித்துவிட்டு அவன் ஏன் போகவேண்டும்?

அறிஞர்கள் இதற்குச் சொல்லும் விளக்கம் எளிமையானது. அழிப்பு வேலை நடந்தபோது கட்டடம் ஏற்கெனவே பிரிக்கப்பட்டுக் கற்கள் குவியலாகக் கிடந்தன. குவியலில் வெளியே தெரிந்த முகங்களில் மட்டும் கைவைத்தார்கள். உள்ளே மறைந்திருந்தவை தப்பித்தன. அதாவது சிற்றாலயத்தைப் பிரித்தது ஒரு காலம், பெயரை அழித்தது வேறொரு காலம். அவளை அழிக்கத்தான் இதை இடித்தார்கள் என்றால் வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

அழிப்பு எப்போது நடந்தது என்பதற்கும் கர்னாக்கிலேயே சாட்சி இருக்கிறது. சிற்றாலயம் நின்ற இடத்துக்கு வடக்கே ஹாட்செப்சுட் கட்டிய அறைகளின் சுவர் ஒன்றை மறைத்து, தூத்மோஸ் தன் போர்க் குறிப்புகளைப் பொறித்த சுவரை எழுப்பினான். அதில் அவனுடைய 42ஆம் ஆண்டு வரை வருகிறது. மறைக்கப்பட்ட சுவரில் அவளுடைய உருவம் அழிக்கப்பட்டிருந்தது. சுவரில் கைவைத்ததும் மறைத்ததும் அடுத்தடுத்து நடந்தவை என்று 1966இல் எகிப்தியல் அறிஞர் சார்ல்ஸ் நிம்ஸ் வாதிட்டார். அப்படியானால் அவள் இறந்து ஏறக்குறைய 20 வருடம் கழித்து. கோபம் அவ்வளவு காலம் ஆறாமல் இருந்து, கிழவனான பிறகு வெடித்ததா? தனக்குப் பின் மகன் இரண்டாம் அமென்கோதேப் சிக்கல் இல்லாமல் ஆட்சிக்கு வரவேண்டும், முதலாம் தூத்மோஸ், இரண்டாம் தூத்மோஸ், நான், என் மகன் என்று ஆண் வரிசை இடைவெளி இல்லாமல் தெரியவேண்டும் என்ற அரசியல் கணக்கு என்றே இன்று பலரும் கருதுகிறார்கள். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. அது நல்ல காரியம் என்று சொல்ல வரவில்லை. ஒரு பெரிய மன்னரின் பெயரைத் திட்டமிட்டு அழித்தது அநியாயம்தான். ஆனால் திட்டமிட்ட அநியாயம் வேறு, வன்மம் வேறு.

இடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை. அதே மூன்றாம் கோபுரத்துக்குள்தான் செனுஸ்ரெத்தின் வெள்ளைச் சிற்றாலயமும் கிடைத்தது. அமென்கோதேப்புக்கு செனுஸ்ரெத் மேல் என்ன பகை? அதே கோபுரத்திலிருந்து நான்காம் தூத்மோஸின் தூண் முற்றத்துக் கற்களும் வந்தன. அவர் மூன்றாம் அமென்கோதேப்பின் சொந்த அப்பா. மகன் அப்பா கட்டிய முற்றத்தைப் பிரித்துத் தன் கோபுரத்துக்குள் வைத்தான். இதை யாரும் பழிவாங்கல் என்று எழுதவில்லை. கர்னாக்கில் ஒவ்வொரு மன்னரும் முன்னவர் கட்டியதைப் பிரித்து, அந்தப் புனிதக் கல்லைத் தன் கட்டடத்துக்குள் சேர்த்துக்கொண்டார். ஹாட்செப்சுட்டின் கட்டடத்துக்கும் அதுதான் நடந்தது. பிரிக்கப்பட்டவர் ஒரு பெண் மன்னர் என்பதால் மட்டும் அதற்குள் ஒரு சிற்றன்னைக் கதையை நுழைத்துவிட்டோம்.

கர்னாக் போகிறவர்கள் இந்த இரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். முதலில் சிற்றாலயம் இருந்த நடு மையம். அங்கே இப்போது நிற்பது கி.மு. 320 வாக்கில், மகா அலெக்சாண்டரின் வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் பிலிப் அர்ரிதேயுஸின் பெயரில் எழுந்த கருங்கல் படகு ஆலயம். அதைத் தாண்டி வடபக்க அறையில், இடம் மாற்றி வைக்கப்பட்ட ஹாட்செப்சுட்டின் சுவர் இருக்கிறது. தூத்மோஸின் சுவர் மூடியிருந்ததால் நிறம் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. ஹோரஸ், தோத் என்ற தெய்வங்கள் இருபுறமும் நின்று புனித நீர் ஊற்ற, நடுவில் அவள் உருவம் மட்டும் விளிம்போடு கவனமாக வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். அங்கே வேலை நிதானமாக, முழுமையாக நடந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வடமேற்கு மூலைக்கு வாருங்கள். சிவப்புச் சுவரில் ஒரே வரிசையில் உள்ள கற்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டு மன்னர்களும் சேர்ந்து நிற்கும் கல் எத்தனை, அவள் அழிக்கப்பட்ட கல் எத்தனை என்று நீங்களே எண்ணலாம். வெயில் ஏறுவதற்கு முன்பு போவது நல்லது. சாய்ந்த வெளிச்சத்தில்தான் குவார்ட்சைட்டில் கோடுகள் தெளிவாகத் தெரியும்.